அண்ணன் அடித்த இடது மட்கார்டு

என் அண்ணன் ஆஃப்ரோவை இத்தாலியின் மோதெனா ஊரில் பட்டறைப் பக்கம் போய்ப் பெயர் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. தூக்கக் கண்ணன் என்று கேளுங்கள், வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் ஊரில் ஒரு பட்டப்பெயர் ஒட்டினால் செத்த பிறகு சுவரில் ஒட்டும் இரங்கல் தாளிலும் அதைத்தான் பெரிதாகப் போடுவார்கள்.

அந்தப் பெயரை வைத்தது என் புருஷன் நேரியோ.

இரண்டு பேரும் ஒரே பட்டறையில் டிங்கர் வேலை பார்த்தவர்கள். பந்தய வண்டிகளுக்கு அலுமினியத் தகட்டை மரக்கட்டையில் வைத்து அடித்து உடம்பு செய்கிற பட்டறை. ஒரு வண்டிக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கம். வரைபடம் கிடையாது, கம்பியில் ஒரு கூடு மட்டும் இருக்கும். வலப்பக்கம் நேரியோ, இடப்பக்கம் அண்ணன். அண்ணன் சின்ன வயதில் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்ததில் இடது கால் குட்டையாகிப் போனது. நின்றால் உடம்பு இடப்பக்கம் சாயும்.

அந்த வருஷம் ஒரு சிவப்பு வண்டி செய்தார்கள். இரண்டே பேர் உட்காரலாம். கூரையைக் கையால் மடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். அந்த மாதிரியில் மொத்தமே கைவிரல் விட்டு எண்ணுகிற அளவு வண்டிகள்தான் செய்தார்களாம். வேலை முடிந்ததும் நேரியோ முன்னால் போய் நின்று பார்த்தான். வாய் சும்மா இருக்கக் கூடாதா?

"மச்சான், உன் பக்கத்து ஹெட்லைட் தூங்கி வழியுதே. நேத்து ராத்திரி ரொம்பக் குடிச்சிருச்சோ?"

பட்டறையே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். மறுநாளே ஊரெல்லாம் தூக்கக் கண்ணன். மாதம் முடிந்ததும் அண்ணன் கணக்கை முடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிற இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். பஸ் தகடு தட்டை. அதில் யாரும் கோணல் கண்டுபிடிக்க முடியாது.

அண்ணன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்திலேயே இருந்தார், நாங்கள் மேலே. முப்பது வருஷத்துக்கு மேல் இரண்டு பேரும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள், பேசிக்கொள்ளவில்லை. "உங்க அண்ணன்கிட்ட ரேடியோவைக் குறைக்கச் சொல்லு." "உன் புருஷன்கிட்ட சைக்கிளை வழியில நிறுத்த வேண்டாம்னு சொல்லு." நடுவில் நான். வயல்வேலை செய்து அலுத்தவள் நான், ஆனால் இந்தத் தூதுக்கு அலுத்த மாதிரி எதற்கும் அலுத்ததில்லை.

அப்புறம் அந்தச் சிவப்பு வண்டி திரும்பி வந்தது. கடல் கடந்து அமெரிக்கா போய், யாரோ ஒருவருடைய தானியக் கிடங்கில் மூலையில் கிடந்ததாம். பழைய வண்டி சேர்க்கிற ஒரு சுவிஸ்காரர் வாங்கி, பழையபடி ஆக்கித் தரச்சொல்லி எங்கள் ஊருக்கே அனுப்பினார். பழைய முதலாளியின் மகன் வெர்த்தர்தான் இப்போது பட்டறை நடத்துகிறான். வண்டியின் இடது முன்பக்கம் நசுங்கிக் கந்தலாகியிருந்தது. மற்றதெல்லாம் பழசே. ஓய்வெடுத்து வீட்டில் இருந்த நேரியோவைக் கூப்பிட்டார்கள்.

நேரியோ இடது மட்கார்டைப் புதிதாக அடித்தான். எப்படி அடித்தான்? தன் வலப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி அடித்தான். அழகாகத்தான் வந்தது. பழைய பானெட்டை மேலே வைத்தார்கள். வலப்பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. இடப்பக்கம் உட்காரவில்லை. கட்டைவிரல் போகிற அளவு இடைவெளி விட்டு, மட்கார்டில் இடித்துக்கொண்டு நின்றது.

அன்று வீட்டுக்கு வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தான்.

"பானெட்டை வெட்டித் தட்ட வேண்டியதுதானே?" என்றேன்.

"பானெட்டைத் தொட்டா வண்டியை இன்னொரு பட்டறைக்குக் கொண்டுபோயிடுவேன்னு சுவிஸ்காரன் சொல்லிட்டான். அது பழசு, அது மாறக் கூடாதாம். என் மட்கார்டுதான் மாறணுமாம்."

"அப்போ மாத்து."

"எப்படி மாத்துறது? அது உங்க அண்ணன் போட்ட வளைவு அர்ஜியா. அந்தப் பானெட்டை அவர் பக்கத்துக்குப் பொருந்துற மாதிரி அடிச்சிருக்கோம். என் கைக்கு அது வரல. மூணு தடவை அடிச்சுப் பார்த்துட்டேன், மூணு தடவையும் என் பக்கம்தான் வருது." கோட்டுப் பொத்தானைத் திருகினான். "நீ கீழ போய் அவர்கிட்ட ஒரு வார்த்தை..."

"மாட்டேன்."

"அர்ஜியா..."

"முட்டி தேஞ்சு போச்சு. வாய் உன்னுது, கால் உன்னுது. நீயே போ."

இந்த விஷயத்தில் என்னை யாராலும் அசைக்க முடியாது. சூப் ஆறிப்போகிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எழுந்து படியிறங்கினான். பின்னாலேயே நானும் இறங்கினேன். தூது போகத்தான் மாட்டேன் என்றேன், கேட்கமாட்டேன் என்று சொல்லவில்லை.

அண்ணன் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் புரை விழுந்து ரொம்ப நாள். கதவுச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னு ஒரு ஆளை எனக்குத் தெரியாது."

"நேரியோ."

"ஓ, மேல ஒருத்தன் குடியிருக்கான்னு கேள்விப்பட்டிருக்கேன். சைக்கிளை வழியில போடுறவன்."

"சிவப்பு வண்டி வந்திருக்கு மச்சான்."

"தெரியும்."

"உன் பக்கம் நசுங்கிப்போச்சு. நான் அடிச்சேன். பானெட் உட்காரல."

அண்ணன் அவரைக்காய் உரிப்பதை நிறுத்தினார். "உன் மட்கார்டு மேல நிக்குதா?"

"ஆமா."

"அப்போ உன் பக்கத்தையே ரெண்டு தடவை அடிச்சிருக்க." அவர் சிரிக்கவில்லை. "எல்லார் முன்னாலயும் சொன்னியே மாப்ள. இப்பவும் எல்லார் முன்னாலயும் வந்து சொல்லு, ஆஃப்ரோ அடிச்சதுல கோணல் இல்லைன்னு. சொன்னா வரேன்."

நேரியோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்லித் தொலையேன், ஒரு பொய்தானே என்று மனசுக்குள் கத்தினேன்.

"சொல்ல மாட்டேன் மச்சான். கோணல்தான். ஆனா அந்தக் கோணல் இல்லாம அது வண்டியாவே ஆகமாட்டேங்குது. வேணும்னா அதை எல்லார் முன்னாலயும் சொல்றேன்."

அண்ணன் மடியிலிருந்த தோலை எல்லாம் கூட்டிக் கிண்ணத்தில் போட்டார். போட்டு முடிக்க வெகுநேரம் ஆனது.

"அர்ஜியா, நீ அங்கதானே நிக்கிற? என் கோட்டை எடு."

பட்டறையில் அண்ணனால் சுத்தியல் பிடிக்க முடியவில்லை. விரல் மூட்டெல்லாம் வீங்கிக் கிடந்தது. உள்ளங்கையைத் தகட்டில் வைத்துத் தடவித் தடவிச் சொன்னார், நேரியோ அடித்தான். நான் எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் இறக்கு."

"இதுக்கு மேல இறக்கினா அசிங்கம்."

"அசிங்கம் வேணும்னுதானே கூட்டிட்டு வந்த?"

வண்டியின் மூக்கு வரைக்கும் நீளும் அந்த வளைவு வரவே இல்லை. ஒவ்வொரு முறையும் நேரியோவின் கை தன் வழிக்கே ஓடியது. மறுநாள் மதியம் அண்ணன் அடிப்பதை நிறுத்தச் சொன்னார்.

"வெர்த்தர், ஒரு செங்கல் கொண்டா. மாப்ள, உன் வலது காலுக்குக் கீழ அதை வை. ஏறி நில்லு. இப்போ அடி."

நேரியோ உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. சுத்தியல் தானாக வேறு இடத்தில் விழுந்தது. அண்ணன் தகட்டில் கையை வைத்தபடி தலையாட்டிக்கொண்டே இருந்தார். பொழுது சாயும்போது நேரியோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு கல்லிலிருந்து இறங்கினான். முகம் வெளுத்திருந்தது.

"மச்சான், இப்படியேவா நின்னே? தினமுமா?"

"வேற எப்படி நிக்கிறது?"

மறுநாளும் நேரியோ அதே கல்லில் ஏறி நின்றான். அதற்கடுத்த நாளும். இடுப்பு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பானெட் உட்கார்ந்த அன்று வெர்த்தர் விசில் அடித்தான். சுவிஸ்காரரின் ஆள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, சரி என்றார். நேரியோ சொன்னபடி எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னான்: "இது ஆஃப்ரோவோட பக்கம். கோணல். நான் நேரா அடிச்சேன், வண்டி ஏத்துக்கல." ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத் தகடு வேலை தெரியாது. ஆனாலும் முன்னால் போய் நின்று பார்த்தேன். ஒரு கண் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. சரியாகச் செய்திருந்தார்கள்.

அந்த வண்டி எங்கேயோ ஏரிக்கரையில் பணக்காரர்கள் கூடுகிற விழாவுக்குப் போனது. எங்களுக்கும் அழைப்பு வந்தது. யாருக்கும் போகத் தெம்பில்லை.

பானெட் உட்கார்ந்த அன்று மாலை பஸ்ஸில் திரும்பினோம். வெளியே மூடுபனி. இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். சந்தைத் திடல் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் தூங்கிப்போனார்கள். அண்ணன் தலை நேரியோ தோளில் கிடந்தது. எங்கள் நிறுத்தம் வந்தது. நான் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்து, "என்ன பாட்டி, இறங்கலையா?" என்றான்.

"திரும்பிப் போகும்போது இறங்கிக்கிறோம் தம்பி. நீ மெதுவா ஓட்டு," என்றேன்.