சாலவாக்கத்துக்குப் போன உளுவை

ஐப்பசியின் இரண்டாவது ஞாயிறு, என் தங்கை ஸ்டெல்லாவின் மீன் வண்டியில் சுற்றினேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அவள். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, இரண்டு வருடமாக உத்திரமேரூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் சரக்கு ஆட்டோவில் கடல்மீன் விற்கிறாள். "இத்தினி படிச்சிட்டு மீன் விக்குது" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அதற்காகவே இந்தப் பதிவு. கொஞ்சம் பீற்றிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை 4.30க்கு உத்திரமேரூரில் கிளம்பி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் கரைக்கு 6.20க்குச் சேர்ந்தோம். வண்டி மீட்டரில் 64 கிலோமீட்டர். செங்கல்பட்டில் இரண்டு டீ, 30 ரூபாய். அங்கேதான் விஷயத்தைச் சொன்னாள்.

அதற்கு முந்தைய ஞாயிறு, புரட்டாசி முடிந்து வரும் முதல் ஞாயிறு. ஒரு மாதம் கவிச்சி தொடாத ஊர்கள் மீன் வண்டியை மறித்து நிற்கும் நாள். அந்த அவசரத்தில், தலையை வெட்டித் தோலுரித்து வைத்திருந்த மீனைப் பால்சுறா என்று நம்பிக் கரையில் வாங்கியிருக்கிறாள். அதைச் சாலவாக்கத்தில் ஏழுமலை என்பவர் வீட்டில் கொடுத்திருக்கிறாள். அவர் மகள் கவிதாவுக்குப் பிரசவமாகி இருபது நாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா புட்டு கொடுப்பது இங்கே வழக்கம். மறுநாள் ஐஸ் பெட்டியைக் கழுவும்போது, கரையில் மீனோடு சேர்த்து அள்ளிப் போட்டதில் வந்த அதன் தலை அடியில் கிடந்திருக்கிறது. பார்த்தால் அது சுறாவே இல்லை, உளுவை, திருக்கை வகை.

"யாருக்குத் தெரியப்போவுது, வுடு" என்றேன்.

"எனக்குத் தெரியுதேண்ணா. இன்னிக்குப் போயி சொல்லிடறேன்."

ஏழுமலை நிலபுலன் உள்ளவர். அவர் வேண்டாமென்றால் அந்தத் தெருவே வேண்டாமென்னும். சாலவாக்கம் கைவிட்டுப் போனால் இவள் வியாபாரத்தில் பாதி போச்சு.

கரையில் திருக்கையே நாலு தினுசு கிடந்தது. உடம்பெல்லாம் புள்ளி போட்டது ஒன்று, சிறகு விரித்த வௌவால் போல ஒன்று. சுறாவும் திருக்கையும் பங்காளிகள், இரண்டுக்கும் எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு என்றாள். திருக்கை வம்சத்துக்குள்ளேயே பல கிளைகளாம். வாலில் முள் வைத்துக் குட்டி போடுபவை ஒரு கிளை. தொட்டால் ஷாக் அடிக்கும் மின்திருக்கை வேறு கிளை. தோல்பை மாதிரி கூட்டுக்குள் முட்டையிடுபவையும் உண்டு. உளுவையும் ரம்ப மூக்கு வேளாவும் தூரத்தில் சுறா மாதிரிதான் தெரியும், ஆனால் திருக்கை வம்சம். செவுள் பிளவைப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். சுறாவுக்கு அது கன்னத்தில் இருக்கும், திருக்கை வம்சத்துக்கு அடிப்பக்கம். முழுசாக ஒரு பால்சுறாவும் ஒரு சின்ன உளுவையும் வாங்கிக்கொண்டாள்.

சாலவாக்கம், 8.40. ஏழுமலை வீட்டு வாசலில் பெட்டி மூடிமேல் இரண்டு மீனையும் வைத்தாள். வெளியே வந்த ஏழுமலையிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"போன வாரம் குட்தது பால்சுறா இல்ல பெரிப்பா, உளுவை. சாப்ட்டா ஒண்ணும் ஆவாது. ஆனா நான் சொன்ன மீன் அது இல்ல."

"பச்ச ஒடம்புக்காரிக்கு இன்னாத்தையோ குட்துட்டு, இப்ப வந்து கத சொல்லிக்கினு கீறியா? இதுக்குத்தான் காலேஜ் போனியா?"

"காலேஜ் போனதாலதான் தல பாத்ததும் தெரிஞ்சுது. வெட்டி வச்சத வாங்குனது என் தப்பு."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். கைக்குழந்தையோடு வாசற்படியில் நின்ற கவிதா மட்டும், "ரெண்டும் ஒரே மாதிரிதான கீது, எப்டி கண்டுபுடிப்ப?" என்று கேட்டாள். ஸ்டெல்லா மீன்களைப் புரட்டிக் காட்டினாள். கவிதா விரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். குண்டானோடு வந்த இரண்டு பெண்கள் அப்படியே திரும்பினார்கள். பத்து நிமிடத்தில் தெரு காலி.

அடுத்தடுத்த தெருக்களிலும் அரைகுறை வியாபாரம்தான். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திக் கட்டி வந்த இட்லியைப் பிரித்தோம். "நான்தான் சொன்னனே" என்று ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்காமல் சாப்பிட்டாள்.

11.10க்கு ஒரு பைக் வந்து நின்றது. ஏழுமலை.

"பால்சுறா கீதா?"

காலையில் காட்டியது அப்படியே இருந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீனைப் புரட்டினார். "ஒண்ணு, ரெண்டு..." செவுள் பிளவுகளை ஐந்து வரைக்கும் எண்ணினார். "கன்னத்துலதான் கீது."

ஸ்டெல்லா கத்தியை எடுத்தாள்.

"வெட்டாத, முழுசா குடு. எங்க தெரு பொம்பளைங்கல்லாம் பாக்கணுமாம். கவிதா சொல்லிட்ச்சு, வாங்குனா அந்தப் பொண்ணாண்டதான் வாங்கணும்னு."

பாதி இட்லியை அப்படியே வைத்துவிட்டு நானே மீனைத் தூக்கிக் கொடுத்தேன். சந்தோஷத்தில்தான்.

போக நினைப்பவர்களுக்கு: செங்கல்பட்டிலிருந்து சாலவாக்கம் வழியாக உத்திரமேரூருக்குப் பேருந்து உண்டு. ஞாயிறு காலை எட்டரைக்குள் சாலவாக்கம் வந்துவிடுங்கள். மீனைத் தலையோடு வாங்குங்கள், புரட்டிப் பாருங்கள். வேளாவும் சில பெரிய உளுவைகளும் பிடிக்கவே தடையுள்ளவை, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இனி யாராவது, "படிச்சிட்டு மீன் விக்குதாமே" என்றால் முன்பு போல மழுப்ப மாட்டேன். ஆமாம், என் தங்கைதான் என்பேன்.