ஓநாய்ப் பகுதியும் தைஸ்தோவின் நாயும்

வில்லில் பிசின் தேய்த்தபடியே தைஸ்தோ கைபேசியை எட்டிப் பார்ப்பார். இசைத்தாளுக்குப் பக்கத்தில் தாங்கியிலேயே அது சாய்ந்து நிற்கும். அதில் ஒரு வரைபடம், அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளிதான் ரெமு, அவருடைய வேட்டை நாய். எங்கே இருக்கிறது, நிமிஷத்துக்கு எத்தனை தடவை குரைக்கிறது என்று அதன் கழுத்துப்பட்டைக் கருவி சொல்லிக்கொண்டே இருக்கும். ரெமு வீட்டு வாசலில் படுத்துத் தூங்குகிற நாளிலும் பார்ப்பார். மனைவி எங்கே என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வயது ஐம்பத்தெட்டு. மரமறுக்கும் ரம்பம் பழுது பார்ப்பது தொழில். மாலையில் ஊர் நால்வர் இசைக்குழுவில் வியோலா. வயலினுக்கு அண்ணன் மாதிரியான வாத்தியம், அண்ணனைப் போலவே யாரும் கவனிப்பதில்லை. பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடுதான் வாசிப்பார். வியோலாவிலிருந்து பெட்ரோல் வாசம் வரும்.

இந்த வருஷம் ஹெல்சிங்கியிலிருந்து சில்யா என்ற அம்மாள் வந்து இவர்களுக்கென்றே 'அடவியின் மூச்சு' என்றொரு இசைக்கோவை எழுதினார். ஏரிக்கரையில் கணப்பு போட்ட வீடு, பெரிய ஜன்னல், இரண்டு வாரம். அடவி முழுவதும் ஜன்னலிலேயே கிடைத்துவிட்டது. அரங்கேற்றத்துக்கு அக்டோபரின் இரண்டாவது சனிக்கிழமையைப் பொறுக்கினார், இலை நிறம் மாறியிருக்குமாம். இலை அதற்கு முன்பே கொட்டிப்போயிருக்கும். கடமான் வேட்டை தொடங்குகிற நாள் அது. அன்றைக்கு இங்கே சாவு விழுந்தால்கூட அடக்கத்தைத் தள்ளிப்போடுவார்கள்.

வேட்டைக் குழுத் தலைவன் கலெவி பட்டறைக்கே வந்தான்.

"டேய், பிடிலா, காடா?"

"வாக்கு குடுத்துட்டேன்டா."

"அப்ப நாயையாச்சும் குடு. அது இல்லாம பத்து துப்பாக்கி போய் மரத்தையா சுடும்?"

"என் குரலுக்குத்தான் அது திரும்பும். போன வருஷம் ரெண்டு நாய ஓநாய் தின்னுச்சு, மறந்துட்டியா?"

"நான் பாத்துக்கறேன்."

அந்த இரண்டையும் இவன்தான் பார்த்துக்கொண்டான். ஆனாலும் தைஸ்தோ கொடுத்தார். குழுவுக்கு வேறு நாய் இல்லை.

ஒத்திகையில் மூன்றாவது பகுதி ஓநாய்.

"இன்னும் அன்பா வாசிங்க தைஸ்தோ. அது தனிமைல இருக்கு," என்றார் சில்யா.

"தனியா வராதும்மா. ஆறேழா வரும்."

"அந்த போனை எடுத்துடலாமே."

"விடுங்க," என்றாள் முதல் வயலின் மார்க்கெத்தா. ஊர்ப் பல் டாக்டர். "பல்லு புடுங்கறப்பவும் கைலதான் வச்சிருந்தாரு."

சனிக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் முப்பத்தொரு பேர். இருபத்தாறு பேர் தெற்கிலிருந்து பேருந்தில் வந்தவர்கள். அடவியை அறிந்தவர்கள் எல்லாரும் அடவியில் இருந்தார்கள்.

இரண்டாவது பகுதி வரை கைபேசியில் குரைப்பு எண் அறுபதிலேயே நின்றது. ரெமு கடமானை மடக்கி வைத்துக் குரைக்கிறது. ஓநாய்ப் பகுதி ஆரம்பித்தது. எண் இருபதாயிற்று. பிறகு பூஜ்யம். புள்ளி அசையவில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயப்படாத நாய் அது. சும்மா வாயை மூடாது. தைஸ்தோவின் வில் நடுங்கியது. அந்த நடுக்கத்தில் வந்த ஓநாயைக் கேட்டு முன்வரிசையில் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். சில்யா கண்ணை மூடி, இதுதான், இதுதான் என்று தலையாட்டினார்.

கடைசிப் பகுதியில் புள்ளி நகர்ந்தது. காட்டை விட்டுச் சாலைக்கு வந்தது. கலெவியின் வண்டிப் பக்கம் போகவில்லை. ஊரைப் பார்த்து வந்தது, ஆற்றுப்பாலம், மரக்கிடங்கு, பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தேவாலயம் என்று.

முடிவில் ஒரு நிமிஷ மௌனம். அடவி மூச்சடக்கும் இடம், ஒருவரும் அசையக்கூடாது என்று தாளில் சிவப்பில் எழுதியிருந்தது. தைஸ்தோ வியோலாவை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். காலுறையோடு மண்டபத்தின் குறுக்கே நடந்து, பக்கக் கதவைத் திறந்து, அது மூடிக்கொள்ளாமல் முதுகால் முட்டுக்கொடுத்து நின்றார். குளிர் உள்ளே வந்தது. இதுவும் இசையில் ஒரு பகுதிதான் போலும் என்று இருபத்தாறு பேரும் மரியாதையாகக் கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார்கள்.