உமிச்சாம்பலுக்கு ஒரு தார்ப்பாய்

எனக்குச் சந்தேக புத்தி அதிகம் என்று என் மனைவி சொல்வாள். இருக்கட்டும். ராயப்பன்பட்டியில், அரிசி மில்லுக்குப் பக்கத்திலேயே திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறவனுக்கு வேறு எந்த புத்தி வரும்?

மில்லில் நெல் அவிக்கிற பாய்லருக்கு உமிதான் விறகு. எரிந்த சாம்பலை என் வேலியோரம் குவித்து வைப்பார்கள். எங்கள் பக்கத்துக் காற்று சும்மா இருக்காது. அள்ளிக்கொண்டு வந்து என் பந்தலில் போடும். எங்கள் மாதா கோயிலில் வருஷத்துக்கு ஒரு நாள்தான் நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். என் திராட்சைக்கு எல்லா நாளும் சாம்பல் புதன். ஒருமுறை கேரள வியாபாரி குலையைத் தடவிப் பார்த்து, "மருந்தாணோ?" என்று கேட்டார். பூச்சிமருந்து இல்லை, சாம்பல் என்றேன். நம்பவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பழம் பந்தலிலேயே அழுகியது.

மில்லுக்காரரிடம் நான் கேட்டது ஒரு தார்ப்பாய். குவியலை மூடுங்கள் என்றேன். "பார்ப்போம்" என்றார். மூன்று வருஷம் பார்த்தார். மனு கொடுப்பதென்றால் ஆதாரம் வேண்டுமே என்று, இலைகளில் படிந்த சாம்பலைத் தட்டி ஒரு காப்பித்தூள் டப்பாவில் சேர்த்துவந்தேன்.

அப்போதுதான் ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். வேதியியல் பாடம் எடுக்கிறவர். மில்லில் சாம்பல் வாங்கியாயிற்று, காற்றில் பறந்து விழுகிற நைசான சாம்பலும் கொஞ்சம் வேண்டும் என்றார். மில்லுக்குள்ளிருந்து நேராக என் தோட்டத்துக்கு வந்தவரை எப்படி நம்புவது? சாம்பலால் கெடுதல் இல்லை என்று எழுதிக் கொடுக்க மில்லுக்காரர் கூட்டிவந்த ஆள் என்றே முடிவு கட்டினேன்.

"எதுக்கும்மா இந்தக் குப்பை?"

"இதுல சிலிக்கா இருக்குங்கய்யா. மாத்திரை டப்பாக்குள்ள ஈரம் இழுக்க ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பாகல்ல, அந்தச் சரக்கை இதுல பண்ணலாம்."

"படிச்சவுக கேக்குறாக, குடுங்களேன்" என்றாள் மனைவி. இரண்டு கரண்டி கொடுத்தேன். டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

ஒரு மாதம் கழித்து அவர் சின்ன பாட்டில் ஒன்றோடு வந்தார். காரத்தில் கொதிக்கவைத்து, வடிகட்டி, அமிலம் விட்டு உறையவைத்து, கழுவிக் காயவைத்தாராம். வெள்ளை வெளேரென்று, கையில் கனமே தெரியாத தூள். கண்ணுக்குத் தெரியாத துளைகள் அதில் ஏராளம் என்றார். நீலச் சாயத் தண்ணீரை அதன் வழியே விட்டார், தெளிந்து சொட்டியது. மனைவி கைதட்டாத குறை. நான் சாயத்தை எங்கே ஒளித்தார் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தூள்தான் நீலமாகியிருந்தது.

சந்தோஷம் வந்தது, மறைக்க மாட்டேன். கூடவே பயமும் வந்தது. சாம்பலுக்கு மதிப்பு வந்துவிட்டால் மில்லுக்காரர் இன்னும் அதிகமாக எரிப்பாரே.

ஆசிரியை செய்ததைக் கேள்விப்பட்டு, கம்பெனிக்காரர் ஒருவர் மில்லுக்கு வந்து சாம்பல் கேட்டிருக்கிறார். மறுநாளே குவியலின் மேல் புதுத் தார்ப்பாய், நாலு மூலையிலும் கயிறு. என் பழத்துக்காக மூன்று வருஷம் வராதது, சாம்பல் பறந்து வீணாகிறதே என்று ஒரே நாளில் வந்துவிட்டது. அந்த அறுப்பில் குலைகள் சுத்தமாகத் தொங்கின. அதே கேரள வியாபாரி வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

நிம்மதிதான். ஆனாலும் என் புத்தி விடவில்லை. இன்னும் சாம்பல் விழுகிறதா என்று பார்க்க, டப்பாவோடு வேலியோரம் நின்று இலைகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். மில்லில் புதிதாகப் போட்டிருந்த காவல்காரர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, டப்பாவுல என்ன?"

"சாம்பல். என் தோட்டத்துல விழுந்தது."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக. குடுங்க இங்கன."

என்னைவிடச் சந்தேகக்காரர் ஒருவரை அன்றுதான் பார்த்தேன். வேலிக்கு மேலே கையை நீட்டி டப்பாவைப் பிடுங்கினார். தார்ப்பாயைத் தூக்கி, என் மூன்று வருஷ ஆதாரத்தை உள்ளே கொட்டினார். ஒரு பொடி மிச்சமில்லாமல் டப்பாவைத் தட்டி, என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.