மேரி டீச்சர் காதால் பார்த்த ஸ்லைடு

ஸ்லைடு போடுவதில் நான் கில்லாடி என்று ஆசிரியர்களிடையே எனக்கொரு பேர் உண்டு. என் ஸ்லைடில் எழுத்து சுழன்று வந்து விழும், பின்னாலேயே கைதட்டல் சத்தம் வரும். பாடம் எங்கே என்று மட்டும் யாரும் கேட்டதில்லை.

அந்தப் பேரை நம்பித்தான் மலைமேல் இருக்கும் கரியாலூர்ப் பள்ளியின் ஆரோக்கியமேரி டீச்சர் ‘மண் அரிப்பு’ பாடத்துக்கு ஸ்லைடு கேட்டார். டீச்சருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. திரையில் இருப்பதை லேப்டாப் வாய்விட்டுப் படிக்கும். அதை ஒரு காதில் கேட்டபடியே அவர் பாடம் நடத்துவார். ஒன்பதாம் வகுப்பை அவரால் தனியாகச் சமாளிக்க முடியுமா என்று தலைமையாசிரியருக்குச் சந்தேகம். துணைக்கு ஆள் இல்லாமல் மற்ற ஆசிரியர்கள் முன்னால் மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்டினால் வகுப்பு அவருக்கு. இல்லாவிட்டால் வேறொருவருக்கு.

மாதிரி வகுப்பு அன்று காலை கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மலைக்குப் போய்ச் சேர்ந்தேன். பென்டிரைவைச் செருகியதும் லேப்டாப் படித்தது: “கே, இசட், செமிகோலன்...”

“இன்னா சார், மண் அரிப்புன்னீங்க. இது இங்கிலீஷ்ல இருமிக்கினு இருக்குது?”

பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தேன். கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. அடுத்த ஸ்லைடில் புத்தகப் பக்கத்தை போட்டோ பிடித்து ஒட்டியிருந்தேன். லேப்டாப் “படம்” என்றது. அதற்கடுத்ததும் “படம்”.

மலைக்குளிரில் வேர்த்த ஒரே ஆள் நான்தான். கீழே போக அடுத்த பஸ் எப்போது என்றுகூட விசாரித்துவிட்டேன்.

“டீச்சர், கரண்ட் இல்லன்னு சொல்லிடலாமா?”

“புரொஜெக்டர் ஃபேன் சுத்துறது எனக்குக் கேக்குது சார். உக்காந்து அடிங்க. நான் கேட்டுக்கினே வரேன்.”

எல்லாவற்றையும், லேப்டாப் தமிழாகவே படிக்கும் யூனிகோடில் திரும்ப அடித்தேன். கைதட்டல் சத்தம் வந்த இடத்தில் டீச்சர் கையைத் தூக்கினார்.

“இது எதுக்கு?”

“ஒரு எஃபெக்ட்டுக்கு டீச்சர்.”

“இது கத்தினா லேப்டாப் பேசுறது காதுல வுழல. எடுத்துடுங்க.”

பிறகு கடைசியில் இருந்த இரண்டு நிஜப் படங்களுக்கு, லேப்டாப் படிப்பதற்காக விளக்கம் எழுத வேண்டியிருந்தது. முதல் படத்துக்கு ‘மலை’ என்று எழுதினேன்.

“ரெண்டாவது?”

“அதுவும் மலைதான் டீச்சர்.”

“ரெண்டும் மலைன்னா எதுக்கு சார் ரெண்டு? பசங்க எதப் பாக்கணும்னு போட்டீங்க?”

அதை நான் யோசித்ததே இல்லை. யோசித்து எழுதினேன்: ‘இந்தச் சரிவில் மரங்கள் உண்டு, ஓடை தெளிவாக ஓடுகிறது. அந்தச் சரிவில் மரம் இல்லை, ஓடை செம்மண் நிறத்தில் ஓடுகிறது.’

“இப்பதான் சார் பாடம் வந்திருக்குது” என்றார்.

தலைமையாசிரியரும் மற்ற ஆசிரியர்களும் வந்து உட்கார, வகுப்பு தொடங்கியது. நான் கடைசி வரிசையில் போய் ஒளிந்துகொண்டேன். டீச்சர் விசையைத் தட்டித் தட்டி ஸ்லைடை மாற்றினார். திரையில் இருந்த ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிச் சொல்லிக் கொண்டுபோனார். ‘இதைப் பாருங்க, அதைப் பாருங்க’ என்ற பேச்சே இல்லை. என் பக்கத்தில் ஒரு மாணவி. சோடாபுட்டிக் கண்ணாடி. என் ஸ்லைடு அந்த வரிசைக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அவள்தான் எழுந்தாள்.

“டீச்சர், எங்க வூட்டாண்ட ஓடையும் செவப்பாத்தான் வருது. அப்ப மேல மரம் வெட்டிட்டாங்களா?”

“நல்லா கேட்ட. வெட்டினாங்களா, காட்டை உழுதாங்களா? நீயே பாத்துட்டு வந்து சொல்லு.”

அவ்வளவுதான், வகுப்பு முழுக்க ஆளுக்கொரு ஓடையைக் கிளப்பிவிட்டது. மணி அடித்தும் ஓயவில்லை. தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார்.

“ஒம்பதாவது உங்களுக்குத்தான் டீச்சர்.”

“சரிங்க சார். மொதல்ல அந்த சாருக்குத் தண்ணி குடுங்க. பாடம் முழுக்க நோட்டால விசிறிக்கினே இருந்தாரு.”

இப்போதெல்லாம் ஸ்லைடு முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு லேப்டாப்பைப் படிக்கச் சொல்வேன். எனக்கே பாடம் விளங்கினால் அனுப்புவேன். அதுவரைக்கும் விசிறிக்கொண்டிருப்பேன்.