பூர்ணிகாவின் குரல்

தலையணையைக் கட்டிப்பிடித்தால்தான் மஞ்சுளாவுக்கு அந்தக் குரல் வரும். தலை வரை போர்வையை இழுத்து, பதிவை ஓடவிட்ட செல்போனை மடியில் சாய்த்து, தலையணையை நெஞ்சோடு இறுக்கி, "கண்ணுங்களா, நான் உங்க வூட்டுப் பொண்ணு" என்று குழைவாள். சுங்குவார்சத்திரம் விடுதி அறையில் அப்போது மின்விசிறி ஓடக்கூடாது, இரைச்சல் பதிவாகிவிடும். "உன்னால வேர்த்தே பாதியா இளைச்சிட்டேன்" என்பாள் அறைத்தோழி லீலா.

ஞாயிறுதோறும் தொலைக்காட்சியில் வரும் கேலிக் கார்ட்டூனில், அழுவதற்கு முன் கேமராவைத் தேடும் நடிகை பூர்ணிகா என்ற பாத்திரத்தின் குரல் மஞ்சுளாவுடையது. வேலை செய்யும் தொழிற்சாலையின் ஆண்டுவிழாவில் அவள் சூப்பர்வைசரைப் போலப் பேசிக் காட்டிய வீடியோ கைமாறி, கார்ட்டூன் இயக்குநர் மோகனிடம் போய்ச் சேர்ந்தது. ஷிப்ட் பஸ்ஸில் உதடு மட்டும் அசைய வசனம் பழகுவாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்துப் பேச்சைத் தணித்துக்கொள்வார்கள்.

இந்த வாரக் காட்சி அவளுக்கே நடந்தது. தொழிற்சாலையின் பாதுகாப்பு வார விழாவுக்கு வந்த நிஜ நடிகை ஒருவர், புதுத் தொப்பி மாட்டி நிறுத்தியிருந்த மஞ்சுளாவைப் படம் எடுப்பதற்காகக் கட்டிப்பிடித்தார். வெளிச்சம் போதவில்லை என்றார்கள், மறுபடியும் கட்டிப்பிடித்தார். அவர் விளம்பரம் செய்யும் கைக்கடிகாரம் படத்தில் விழவில்லை என்றார்கள், மறுபடியும். மஞ்சுளா சொல்லிச் சிரித்ததை மோகன்தான் காட்சியாக எழுதினார்.

இப்போது அதே கைக்கடிகாரக் கம்பெனி நிகழ்ச்சிக்கு விளம்பரம் தருகிறது. பூர்ணிகா ஒரே தடவை கட்டிப்பிடித்து, மனம் உருகி அழவேண்டும் என்று மோகன் போனில் சொன்னார். குரலுக்கு ஏற்றபடிதான் படம் வரைவார்கள். அதனால் சாயங்காலத்துக்குள் மாற்றிப் பேசி அனுப்பவேண்டும். முடியாதென்றால் வேறு ஆள் பார்ப்பார்கள்.

மஞ்சுளா குரலை உயர்த்தவில்லை. "சார், அவங்க என்னிய மூணு தபா கட்டிப்புடிச்சாங்க. மூணு தபாவும் என் பேரைக் கேட்டாங்க. நானே அதை எப்டி சார் மாத்திப் பேசுறது?"

யோசித்து அனுப்பச் சொல்லி மோகன் போனை வைத்துவிட்டார்.

லீலா சுவிட்ச் பக்கத்தில் நின்றாள். "வேற ஆள போட்டுட்டா இன்னாடி பண்ணுவ? இதுக்குன்னே எத்தினி லீவு போட்டுக்கினு கீற."

"போடட்டும். மாத்திப் பேசறது புதுசா வர்ற பொண்ணாவே இருக்கட்டும். ஃபேனை நிறுத்து."

செல்போனில் பதிவை ஓடவிட்டுப் போர்வைக்குள் போனாள். தலையணையை அணைத்து, "உன் பேர் என்னம்மா?" என்று குழைந்தாள். விட்டாள். மறுபடி அணைத்து, அதையே கேட்டாள். விட்டாள். பிறகு இடக்கையை நீட்டி, மணிக்கட்டில் இல்லாத கைக்கடிகாரத்தை வெளிச்சம் படும்படி திருப்பிக்கொண்டு, மூன்றாவது முறை அணைத்தாள்.