லிப்ட்காரர் மௌஸ் பிடித்த கதை

எங்கள் கட்டடத்து லிப்ட்காரரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லாருக்கும் அவர் ‘எத்தனாவது அண்ணன்’தான். வருஷக்கணக்காக ஒரே மாடிக்குப் போகிறவர் ஏறினாலும் “எத்தனாவது?” என்று கேட்காமல் பொத்தானைத் தொடமாட்டார். தெரியாமலா கேட்பார்? கேட்டால்தானே ஒரு பதில் வரும், பதில் வந்தால்தானே பேச்சு வளரும். ஆறாவது மாடி வருவதற்குள் ஏறினவரின் முதுகுவலி, மகன் வாங்கிய மார்க்கு, கொழுந்தன் செய்த வம்பு எல்லாம் அவர் காதுக்கு வந்து சேர்ந்துவிடும்.

நான் மூன்றாவது மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலத்தில் அங்கேயே புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். பொறுமைசாலி என்று என்னை யாரும் சொன்னதில்லை, சொல்லவும் வேண்டாம். கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்த வேகத்தில் போய்விடும் என்பது வேறு விஷயம், ஆனால் போவதற்குள் யாராவது ஒருவர் வகுப்பை விட்டே ஓடியிருப்பார்.

பழைய லிப்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தார்கள். அது தானே திறக்கும், தானே மூடும், எந்த மாடி என்று தானே சொல்லும். ஓட்டுகிறவருக்கு அதில் வேலையும் இல்லை, ஸ்டூல் போட இடமும் இல்லை. மேனேஜர் மோசமான ஆள் இல்லை. வாசலில் வருகிறவர்களைப் பதிவு செய்ய ஒரு மேஜை போடப்போகிறோம், கம்ப்யூட்டரில் பதிந்து பாஸ் அடித்துக் கொடுக்கவேண்டும், பழகிக் காட்டினால் அந்த நாற்காலி உங்களுக்கு, இல்லையென்றால் வீட்டில் அக்கடா என்று ஓய்வெடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த ‘ஓய்வு’தான் மனிதருக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே என் கடை வாசலில் வந்து நின்றார். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை, அதற்காக வரவில்லை என்றார். சம்சாரம் முந்தின வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் கல்யாணமாகிப் போன ஊரில், இங்கே பகல் என்றால் அங்கே ராத்திரி. விடுமுறை நாளில் வீடியோவில் கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களாப்பா என்பாள், பேத்தி ஒரு தடவை கையாட்டுவாள், சரி வெச்சுடறேம்பா என்பாள். இவர் குடியிருப்பது ஒற்றை அறை. கட்டிலில் உட்கார்ந்தபடியே அடுப்பை அணைக்கலாம், அவ்வளவுதான் வீடு.

“வீட்ல நான் வாயைத் தொறக்கணும்னா செவுத்துக்கிட்டதான் தொறக்கணும், டீச்சர். நாலு பேர் மூஞ்சியப் பாக்கணும் எனக்கு. அந்த நாற்காலி வேணும்” என்றார்.

சரி, உட்காருங்கள் என்றேன். அன்றிலிருந்து என் உயிரை வாங்க ஆரம்பித்தார்.

முதல் நாள் மௌஸைக் கையில் கொடுத்து, திரையில் தெரிகிற அம்புக்குறியை மேலே கொண்டு போங்கள் என்றேன். மௌஸை மேஜையிலிருந்து தூக்கி நெஞ்சு உயரத்துக்குக் கொண்டு போனார். அம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னும் தூக்கினார். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். மேலே என்றால் மேலேதான் என்று பழகிப்போன கை, அதற்கு என்ன தெரியும்? மேஜையோடு ஒட்டித் தள்ளினால்தான் நகரும் என்று அவர் கையைப் பிடித்து நானே தள்ளிக் காட்டினேன். ஒரு விண்டோவை மூடச் சொன்னால் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார். லிப்ட் கதவு மூடிய பழக்கம், யார் விரலும் நசுங்கிவிடக்கூடாதாம்.

கீபோர்டில் ஒருமாதிரி தேறிவிட்டார். ஒற்றை விரல்தான், ஆனால் தப்பு வராது. பாஸ்வேர்ட் என்றால் என்ன, அடித்ததை ஏன் சேமிக்கவேண்டும், ஃபோல்டர் எதற்கு என்றெல்லாம் கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டார். டபுள் கிளிக்கில்தான் வந்தது வினை. பதிவு செய்கிற புரோகிராமைத் திறக்க அதன் படத்தின் மேல் சட்டென்று இரண்டு தட்டுத் தட்டவேண்டும். இவர் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுவார். எடுத்துவிட்டுக் காத்திருப்பார். இன்னொரு தட்டு என்று கத்தினால், நிதானமாக யோசித்து, போனால் போகிறது என்று இன்னொன்று தட்டுவார். அதற்குள் அந்தப் படத்துக்கு முதல் தட்டு மறந்தே போயிருக்கும்.

தலைகீழாக நின்று பார்த்தேன், நடக்கவில்லை. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், ரெண்டு தட்டு தட்டினால் கை தேய்ந்தா போய்விடும் என்று எல்லார் முன்னாலும் சீறிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பழைய லிப்டில் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் பாதி வழியில் நின்றுவிடுமாம். ஒரு தடவை அமுக்கிட்டுப் பொறுங்க, ஒரு தடவை போதும் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஊரையே அதட்டியிருக்கிறார். ‘இப்ப என் விரலே என் பேச்சக் கேக்க மாட்டேங்குது’ என்றார்.

அதற்குமேல் என்ன திட்டுவது? வேறு வழி காட்டினேன். ஒரே ஒரு தட்டு, பிறகு எண்டர் பொத்தானை ஒரு அமுக்கு. அதுவும் திறக்கும். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு பேருக்கும் ரத்தக்கொதிப்பு ஏறாமல் இருந்திருக்கும்.

மேனேஜர் அவரைச் சோதித்த அன்று எனக்கே பதற்றம். மேலே கடையில் ஒரு ஸ்க்ரூவைக்கூட ஒழுங்காக முடுக்கமுடியவில்லை. மத்தியானம் அண்ணனே படியேறி வந்தார். புது லிப்டில் ஏறுவதில்லை என்று ஒரு வீம்பு. மூச்சு வாங்க நின்று, “கெடச்சிருச்சு, டீச்சர்” என்றார். ஒரு தட்டு, ஒரு எண்டர், பேர், போன் நம்பர், போட்டோ, பாஸ் என்று நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். எனக்குச் சத்தியமாகப் பெருமையாக இருந்தது.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு கட்டடத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் அட்டை கொடுத்தார்கள், நீட்டினால் கதவு திறந்தது. பார்சல் கொண்டு வருகிறவர்களுக்குப் போனில் ஒரு எண் வந்துவிடும், அதைக் கதவில் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். மேஜைக்கு முன்னால் கண்ணாடித் தடுப்பு வேறு வைத்துவிட்டார்கள். எப்போதாவது ஒருவர் பதிய வந்தாலும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைப் பார்த்துக்கொண்டே பேரைச் சொல்வார், பாஸை வாங்குவார், போய்விடுவார். காலையில் நான் போகும்போது அண்ணன் கையைத் தூக்குவார். நானும் தூக்கிவிட்டு ஓடுவேன். எனக்கு வேலை தலைக்கு மேல்.

அப்புறம் அவர் மேஜைக் கம்ப்யூட்டர் கெட்டுப்போக ஆரம்பித்தது. ஒரு நாள் எழுத்து விழவில்லை என்று போன் செய்தார். போய்ப் பார்த்தால் கீபோர்ட் வயர் கழன்றிருந்தது. சொருகிவிட்டு வந்தேன். இன்னொரு நாள் திரை கறுப்பாகிவிட்டது என்றார். அதன் சுவிட்ச் அணைந்திருந்தது. இதற்கெல்லாமா ஆளைக் கூப்பிடுவது என்று முணுமுணுத்துக்கொண்டே மேலே வந்தேன்.

மறு வாரம் மௌஸ் நகரவில்லை என்றார். அன்று கடையில் இரண்டு கம்ப்யூட்டரைத் திறந்து போட்டிருந்தேன், ஒருவர் காத்துக்கொண்டு வேறு இருந்தார். கடுப்போடு இறங்கிப் போய் மேஜைக்கு அடியில் குனிந்தேன். மௌஸ் வயர் வெளியே வந்திருந்தது. அதோடு விடாமல், அழகாகச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தது. தானாகக் கழன்ற வயர் தன்னைத் தானே சுருட்டிக்கொள்ளுமா?

“நீங்களே புடுங்கிட்டீங்களா?” என்று கேட்டேன்.

“ஆமா” என்றார். ஒளிக்கவில்லை. “இல்லன்னா நீங்க எதுக்குக் கீழ எறங்கி வரப்போறீங்க?”

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள், மறுபடி குனிந்தேன். வயரைச் சொருகிவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். என்னைப் பதியுங்கள், நானும் பார்க்க வந்த ஆள்தான் என்றேன்.

மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரை அடித்தார், போன் நம்பரை அடித்தார், போட்டோவுக்குக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். அடுத்த கட்டத்தில், யாரைப் பார்க்க வந்தேன் என்று குறிக்கவேண்டும்.

“உங்களத்தான், அண்ணே” என்றேன்.

அந்தக் கட்டத்தில் ஒரு பட்டியல் திறக்கும், அதில் உள்ள பேரைத்தான் எடுக்கமுடியும். மேலே போனார், கீழே வந்தார். ஒவ்வொரு ஆபீஸ்காரர் பேரும் இருந்தது, என் பேர்கூட இருந்தது. அவர் பேர் இல்லை. அது இருக்காது என்று அவருக்குத் தெரியும், தினமும் பார்க்கிற பட்டியல்தானே. தள்ளுங்கள், ஒரு நிமிஷ வேலை, நான் சேர்த்துவிடுகிறேன் என்று உள்ளே வந்து கையை நீட்டினேன்.

அவர் மௌஸின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார்.

“வேணாம், டீச்சர். பேரு இருந்துச்சுன்னா, என்னத் தேடி யாராச்சும் வந்தாங்களான்னு தெனமும் தொறந்து பாத்துக்கிட்டே இருப்பேன்” என்றார்.