சனிக்கிழமை தப்பிய கோழி

கம்பெனி போனில் செய்தி வந்தது. ஞானமுத்து அண்ணாச்சி போய்விட்டார் என்றார்கள். நான் முதலில் பார்த்தது சுவர்க் காலண்டரை. சனிக்கிழமை. அவர் பக்கத்தில் இருந்திருந்தால், "ஏலே, இன்னும் திருந்தலியா நீ?" என்று சிரித்திருப்பார். அப்படிச் சிரிக்க ஆளில்லை என்றபோதுதான் செய்தி எனக்கு உறைத்தது.

ராஜபாளையத்தில் எங்கள் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவர் சலவைப் பிரிவு சூப்பர்வைசர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் ஒரே பஸ்ஸில் வந்த எனக்கு அவர் நாவலாசிரியர். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குப் பக்கத்து சீட்டில் நாவலாசிரியர் என்பது கொஞ்சம் அதிகம்தான்.

என் மனைவி இறந்ததும் ஒரு சனிக்கிழமை. சனிப் பிணம் துணை தேடும் என்பார்கள். வீட்டில் அடுத்த உயிர் போகாமலிருக்கப் பாடையில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புவது எங்கள் வழக்கம். கட்டியவன் நான். பேண்டேஜ் கம்பெனியில் வேலை, ஒரு முடிச்சுப் போடத் துப்பில்லை. பாதி வழியில் குஞ்சு அவிழ்ந்து ஓடிவிட்டது. பெரியவர்கள் வீட்டுக்கு வந்து அதையே பேசினார்கள். பதினாலு வயது மகள் கோதை கேட்டுக்கொண்டிருந்தாள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் விதி, தோஷம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அண்ணாச்சி நேரே அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டார். பிறகு பஸ்ஸில் சொன்னார்: "எம் பையன் போனப்ப எல்லாரும் கையில ஒரு காரணத்தோட வந்தாங்கலே. கர்த்தருக்குப் பிரியமானவன், எடுத்துக்கிட்டார்னாங்க. நான் தேடுனது ஒரு வாய் காப்பி." ஞாயிறுதோறும் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டை மட்டும் பாடிவிட்டு வந்துவிடுவார்.

தப்பிய கோழியின் கதையைக் கேட்டவர், இளவட்டங்கள் படிக்க ஒரு நாவல் எழுத ஆரம்பித்தார். அம்மாவை இழந்த ஒரு சிறுமி, அப்பாவைக் காப்பாற்ற அந்தக் கோழியைத் தேடித் தெருத்தெருவாக அலைகிறாள். பஸ்ஸில் அவர் வாசிப்பார். சாயங்காலம் நான் கோதைக்குச் சொல்வேன். ஒருநாள், கதையில் கோழி அகப்பட்டுவிட்டது. இப்போது அது தாய்க்கோழி, பின்னால் குஞ்சுகள். சிறுமி அதன் கழுத்தைப் பிடிக்கிறாள். அந்த இடத்தில் ராஜபாளையம் வந்துவிட்டது.

கோதைக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே மறித்தாள். "பெரியப்பா, அவ கோழியக் கொன்னாளா?"

"எனக்கே தெரியலத்தா. நீன்னா என்ன செய்வ?"

"கொன்னுருவேன். இல்லன்னா அப்பா செத்துருவாகல்ல?"

நான் இருமினாலே அவள் எழுந்து உட்கார்வது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அண்ணாச்சி வாசல்படியிலேயே உட்கார்ந்தார். "உங்கப்பன் ஒருநா சாவான்த்தா. நானும் சாவேன். அதுக்குக் கோழி என்ன பண்ணும், பாவம்?"

"நல்லா ஆறுதல் சொன்னீக, போங்க!" என்றேன். கோதை அழுதாள். அம்மா போன பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கடைசி அத்தியாயத்தில் சிறுமி கோழியை விட்டுவிட்டு, அப்பா வரும் பஸ்ஸுக்காக நிற்கிறாள். பஸ் வருகிறது. அதோடு கதை முடிந்தது. எனக்குக் கோபம். "அந்த அப்பாவ இறக்கி விட்டுருக்கலாம்ல அண்ணாச்சி?"

"நீதான் தெனமும் இறங்குறியேலே. கோதைக்கு அது போதும்."

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் புத்தகம் போட்டார். அட்டையில் கோழிப் படம். கோழி வளர்ப்புப் புத்தகம் என்று நினைத்து வாங்கியவர்களும் உண்டு.

செய்தி வந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன்; அவர் மனைவிக்கு, மதினிக்கு, என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அடுப்படிக்குப் போய்க் காப்பி போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி போடலியே தம்பி," என்றார். ஆனாலும் முழுவதையும் குடித்தார்.

கோதை கல்யாணமாகிச் சிவகாசிக்குப் போய்விட்டாள். பக்கத்து சீட்டில் இப்போது யார் யாரோ உட்கார்கிறார்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: துக்க வீட்டுக்குக் கையில் காரணம் எதுவும் இல்லாமல் போகத் தெரியும். சாயங்காலம், காத்திருக்க யாருமில்லாத நிறுத்தத்திலும் பஸ்ஸை விட்டு இறங்கத் தெரியும்.